விமானப் படிப்பும் வட்டிக் கடனும்

 

ப்ளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் எளாவூர், ஆரம்பாக்கம், பழவேற்காடு வட்டாரத்து வீடுகளில் எழும் கேள்விகளுள் ஒன்று, "பிள்ளையை பி.பி.ஏ. ஏவியேஷன் மேனேஜ்மென்ட்டில் சேர்க்கலாமா?" என்பதாகும். நகையையோ படகையோ அடகு வைக்கும் முன், அப்படிப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்துகொள்வது நம் கடமை.

இது விமானப் போக்குவரத்து நிர்வாகத்தைக் கற்பிக்கும் இளங்கலைப் பட்டம். விமான நிலையப் பணிகள், பயணிகள் சேவை, சரக்குப் போக்குவரத்து, கணக்கியல் ஆகியவை இதன் பாடங்கள். இதைப் படித்தவர் விமானி ஆகிவிடுவதில்லை. அதற்கு ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறத்தல் பயிற்சியும், டி.ஜி.சி.ஏ. உரிமமும் வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கும் தனி உரிமம் உண்டு. விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு அலுவலர் பணிக்கு, இந்திய விமான நிலைய ஆணையம் இயற்பியலும் கணிதமும் அடங்கிய பி.எஸ்ஸி. அல்லது பொறியியல் பட்டத்தையே கேட்கிறது. பி.பி.ஏ. முடித்தவர் பெரும்பாலும் தொடங்குவது செக்-இன் கவுண்டர், பயணிகள் உதவி, சரக்குக் கிடங்கு போன்ற பணிகளில். அவற்றுள் பலவற்றுக்கு ஏதேனும் ஒரு பட்டமே போதும். சிலவற்றுக்கு ப்ளஸ் டூவே போதும். விளம்பரப் பலகையில் புன்னகைக்கும் சீருடை இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் இத்துறை நமக்கு வேண்டாமா? அவ்வாறு நான் கூறவில்லை. சரக்கேற்றி அனுப்பும் தொழில் நமக்குப் புதிதன்று. பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து துணிகள் மலாய் நாடுகளுக்குக் கப்பலேறிய காலம் உண்டு. இன்றும் மலேசியாவில் கைலிக்கு வழங்கும் 'கைன் பெலிக்காட்' என்னும் பெயர், நம் பழவேற்காட்டின் பெயரே. இன்று இவ்வேரியின் நண்டு உயிரோடு விமானமேறிச் சிங்கப்பூர் செல்கிறது. அந்த நண்டைப் பிடிப்பவருக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையே எடை, ஆவணம், சுங்கம், குளிர்காப்பு என எத்தனையோ படிகள் உள்ளன. அவற்றை அறிந்த பிள்ளை ஊருக்கு ஒருவர் இருந்தால், அது இந்த மக்களுக்கு நன்மை. அளவையில் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றுவோருக்கு அது பொருத்தமான தொழிலுமாகும்.

ஆகவே என் மறுப்பு படிப்பின் மீதன்று. அதற்காக வட்டிக் கடனில் விழுவதன் மீதே. வட்டியின் கடுமையை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறோம். கல்விக் கட்டணம் என்று பெயர் மாறினால் அதன் தன்மை மாறிவிடாது. உலகியல் கணக்கும் இதையே சொல்கிறது. விமானத் தொழில் ஏற்றத்தாழ்வு மிக்கது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. 2020 மார்ச் இறுதியிலிருந்து இரண்டு மாதங்கள் நாட்டின் உள்நாட்டுப் பயணியர் விமானச் சேவை முழுவதும் நின்றது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. ஊதியம் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விமான நிலையம் உறங்குவதில்லை. நள்ளிரவிலும் அதிகாலையிலும் பணி மாறும். எளாவூரிலிருந்து புறநகர் ரயிலை நம்பி மீனம்பாக்கத்தில் அத்தகைய வேலை பார்ப்பது கடினம். பல்லாவரம் பக்கம் அறை எடுக்க நேரிடும். அந்த வாடகையைக் கழித்த பின்னரே ஊதியத்தைக் கணக்கிட வேண்டும். தொழுகை நேரத்தையும் ஜும்ஆவையும் பேணும் வழி என்ன, மது பரிமாறும் பணியிலிருந்து விலகி நிற்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே சிந்தித்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளையாயின், தங்குமிடமும் இரவுப் பயணமும் பாதுகாப்பாக அமையுமா என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

என் ஆலோசனை இதுவே. கல்லூரியில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, அது யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்தப் பணியில், எந்த ஊதியத்தில் இருக்கிறார்கள்? மூன்று ஆண்டுகளுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் பதில் தரத் தயங்கும் இடத்தில் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

வசதி இல்லாதோர், பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரி போன்ற இடத்தில் குறைந்த செலவில் ஒரு பட்டம் பெறலாம். ஆங்கிலமும் கணினியும் வளர்த்துக்கொண்டு, பின்னர் சரக்குத் துறைக்கான குறுகியகாலப் பயிற்சியை மேற்கொள்ளலாம். இத்துறையையே விரும்பும் பிள்ளைகள், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் மத்திய அரசு நடத்தும் ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகத்தையும் விசாரித்துப் பார்க்கலாம். மஹல்லா ஜமாஅத்துகளும் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கல்விக் கடன் வழங்க முன்வர வேண்டும். திருமண விருந்துகளில் நாம் செலவிடுவதில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.

இஸ்திகாரா தொழுங்கள், அதற்கு முன் துறை அறிந்தோரிடம் மஷ்வரா செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன் மீது பாரத்தைப் போடுவது தவக்குல் ஆகாது என்பது நபிகளார் (ஸல்) நமக்குக் கற்பித்த பாடம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன்.