படையப்பாவும் பால் கவரும்



கல்லாறு குப்பைக் கிடங்கில் படையப்பா யானை மேய்ந்ததை மூணாறே பார்த்தது. கேரள உயர் நீதிமன்ற உத்தரவால் 2025 அக்டோபர் 2 முதல் இங்கே ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடையும் உண்டு. ஆனால் துப்புரவு முகாம் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிப் படம் எடுப்பதுதான் (அதற்கான பேனரும் பிளாஸ்டிக்!). பயணிகள் வீசிய பாட்டிலை தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை பொறுக்குவது எப்படிச் சேவையாகும்? பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பால் கவரைக் கழுவிக் காயவைத்து, கழிவு சேகரிக்க வீடு தேடி வரும் ஹரித கர்ம சேனை அக்காவிடம் கொடுக்கட்டும். வார விடுமுறையில் விருப்பமுள்ள பிள்ளைகள் அந்த அக்காமாரோடு லயத்தைச் சுற்றி வந்தால் தரம் பிரிக்கவும் பழகுவார்கள். முதிரப்புழை ஆற்றங்கரையில் கிடக்கும் உடைந்த கண்ணாடியை அள்ளுவதோ பஞ்சாயத்தின் வேலை. பிள்ளைகளை அங்கே இறக்காதீர்கள்.

— ஒரு வாசகி, மூணாறு