சிவப்பு டிக் பற்றிய அச்சமும், நாம் கவனிக்காத இரண்டு சட்டங்களும்

நாளை முதல் புதிய தொடர்பாடல் விதிகள் அமுலுக்கு வருகின்றன, எல்லாத் தொலைபேசி அழைப்புகளும் பதிவு செய்யப்படும், வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் அரசாங்கத்தின் கண்காணிப்புக்குள் வந்துவிட்டன என்று சொல்லும் ஒரு செய்தி எமது குழுமங்களை அடிக்கடி வலம் வருகிறது. அனுப்பிய செய்தியில் இரண்டு நீல டிக்கும் ஒரு சிவப்பு டிக்கும் தெரிந்தால் அரசாங்கம் நடவடிக்கை எடுக்கலாமாம். மூன்றுமே சிவப்பானால் நீதிமன்ற அழைப்பாணை வருமாம். பள்ளிவாசல் குழுமம், பழைய மாணவர் குழுமம், குடும்பக் குழுமம் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் அது பரவிவிடும். "எல்லோரும் கவனமாக இருங்கள்" என்ற அறிவுரையும் கூடவே வரும்.

இது பொய். வட்ஸ்அப்பில் மூன்றாவது டிக் என்று ஒன்று கிடையாது. 2016 ஏப்ரல் முதல் வட்ஸ்அப் செய்திகள் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே வாசிக்கக்கூடிய விதத்தில் பூட்டப்பட்டே செல்கின்றன. செய்தியின் உள்ளடக்கத்தை அந்த நிறுவனமே வழியில் திறந்து பார்க்க முடியாது. யார், யாருடன், எப்போது தொடர்பு கொண்டார் என்பது போன்ற விபரங்கள் மட்டும் நிறுவனத்தின் கைக்குச் செல்கின்றன. இதே செய்தி இந்தியாவிலும் வேறு நாடுகளிலும் அரசாங்கத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறது.

பொய்யென்று தெரிந்த பிறகும் இது மீண்டும் மீண்டும் உயிர் பெறுவது ஏன்? எமது மக்கள் அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் எமது சமூகம் கண்டவற்றை வைத்துப் பார்த்தால் அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

2018 மார்ச்சில் திகனவில் எமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அதற்கான வெறுப்பு பேஸ்புக்கில் வளர்க்கப்பட்டிருந்தது. தமது தளம் அவ்வாறு பயன்படுத்தப்பட்டதற்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில்தான் வருத்தம் தெரிவித்தது. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அடுத்த மாதம், சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் இட்ட ஒரு வரிக் கருத்து பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டு வன்முறையாக மாறியது. 2020 இல் கொவிட் பரவியபோது நோயாளியின் மதம் செய்தியானது. ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன.

அதே ஆண்டு ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் கைது செய்யப்பட்டார். வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் போராட வேண்டும் என்று எழுதியிருந்தவர் அவர். ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கும் மேலாகத் தடுத்து வைக்கப்பட்ட அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரில்தான்.

இவ்வளவையும் கண்ட ஒரு சமூகம், "உன்னைக் கண்காணிக்கிறார்கள்" என்ற செய்தியை நம்பத் தயாராக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த அச்சம் தவறான இடத்தில் செலவாகிறது. மேலே சொன்ன சம்பவங்களில் சிக்கல் வந்தது எல்லோரும் பார்க்கும் பதிவுகளால், யாரோ பிடித்த ஸ்கிரீன்ஷொட்டால், முறைப்பாட்டால், சட்டத்தைப் பிரயோகித்தவர்களின் பாரபட்சத்தால். சிவப்பு டிக்கைத் தேடிக்கொண்டிருக்கும்போது, எம்மை உண்மையில் பாதிக்கக்கூடிய இரண்டு சட்டங்கள் எமது கண்ணில் படாமல் போய்விட்டன.

தற்செயலாக இரண்டுக்கும் ஒரே இலக்கம். ஒன்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். மற்றையது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம்.

முதலில் இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 ஆம் திகதி 108 வாக்குகள் ஆதரவாகவும் 62 வாக்குகள் எதிராகவும் கிடைத்து நிறைவேறியது. பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட, அது சட்டமானது. இடையில் எட்டு நாட்கள். தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்பவற்றுக்கு அச்சுறுத்தலான பொய்யான கூற்றுகளும், மத உணர்வுகளைப் புண்படுத்தும் கூற்றுகளும் இதன் கீழ் குற்றங்களாகின்றன. சிறைத்தண்டனையும் உண்டு. எது பொய், எது புண்படுத்துவது என்பதைப் பார்க்க, ஜனாதிபதியால் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கப்படும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்குப் பரந்த அதிகாரங்கள் வழங்கப்பட்டுள்ளன.

இந்தச் சட்டத்தை எமது சமூகம் ஒரே குரலில் எதிர்க்கவில்லை. அதற்கும் நியாயம் உண்டு. திகனவைக் கண்டவர்கள் இணைய வெறுப்புக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. பெண்களின் படங்களை வைத்து மிரட்டுபவர்களைத் தண்டிக்கவும் சட்டம் தேவைதான்.

ஆயினும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் அனுபவத்தை மறந்துவிட முடியாது. 2007 இல் வந்த அந்தச் சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கும் பிரிவு, சிறுபான்மையினருக்குக் கேடயமாக இருக்க வேண்டிய பிரிவு. அதே பிரிவுதான் ரம்ஸி ராஸிக்கைச் சிறைக்கு அனுப்பியது. ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவையும் 2019 இல் அது மாதக் கணக்கில் சிறையில் வைத்தது. சொற்கள் தெளிவற்ற சட்டம் யாருடைய கையில் இருக்கிறதோ அவருடைய விருப்பப்படி வளையும். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றி அது நிறைவேறிய நாள் முதல் பேசப்படுகிறது. அந்தப் பேச்சில் எமது அமைப்புகள் எழுத்துமூலம் என்ன முன்வைத்திருக்கின்றன என்பதை அவற்றிடமே நாம் கேட்க வேண்டும்.

இனி மற்றைய ஒன்பது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 மார்ச் 19 ஆம் திகதி சான்றுரைப்படுத்தப்பட்டது. இது எம்மைத் தண்டிக்கும் சட்டம் அல்ல. எமக்கு உரிமை தரும் சட்டம். எம்மைப் பற்றிய என்ன தகவல்களை ஒரு வங்கியோ, தொலைபேசி நிறுவனமோ, அரச திணைக்களமோ வைத்திருக்கிறது என்று கேட்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். கொடுத்த சம்மதத்தை மீளப் பெறலாம். குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் அழிக்கச் சொல்லலாம். மத நம்பிக்கை, இனம், சுகாதார விபரம், கைரேகை போன்ற உடல்சார் அடையாளங்கள், சிறுவர்களின் தகவல்கள் ஆகியவற்றை இச்சட்டம் விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. பணிப்புரைகளை மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபா வரை அபராதம் விதிக்க முடியும். 2020 இல் நோயாளியின் மதம் ஊடகங்களில் அலசப்பட்டபோது இப்படியொரு சட்டம் இருந்திருந்தால், குறைந்தபட்சம் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

ஆனால் இந்தச் சட்டத்தின் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வர மூன்று ஆண்டுகள் வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை பற்றிய பகுதி 2023 இல் அமுலுக்கு வந்தது. ஏனையவை 2025 மார்ச்சில் வரவிருந்தன. அந்தத் திகதி நெருங்கியபோது பிற்போடப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் கொண்டுவரப்பட்டது. தயாராவதற்கு நிறுவனங்களுக்குக் காலம் தேவை என்பது சொல்லப்படும் காரணம். அது முற்றிலும் பொய்யென்று கூற முடியாது. சிறிய நிறுவனங்களுக்கு இது உண்மையிலேயே சுமைதான். இருந்தாலும் குடிமகனின் வாயை அடைக்கக்கூடிய சட்டத்துக்கு எட்டு நாட்களும், குடிமகனைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஆண்டுக்கணக்கும் என்பது எந்த வகை முன்னுரிமை? எமது அரசியலமைப்பில் அந்தரங்கத்துக்கான உரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலில் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. எனவே இந்தச் சட்டத்தின் தாமதம் மற்ற நாடுகளை விட இங்கு அதிகம் வலிக்கும்.

இந்தத் தாமதத்தின் நடுவே இன்னொரு வேலை நடக்கிறது. இந்தியாவின் நன்கொடை உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. கைரேகை, முகம், கண் கருவிழி ஆகியவற்றின் பதிவுகள் ஒரே இடத்தில் சேரும் திட்டம் அது. அரச சேவைகள் இலகுவாகும், ஒரே ஆவணத்துக்காகப் பத்து வரிசைகளில் நிற்கத் தேவையில்லை என்பவை உண்மையான நன்மைகள். கிராம சேவகர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் காத்துக் கிடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் உதவி தரும் அயல்நாட்டின் அனுபவமே எமக்குப் பாடம். ஆதார் அங்கு 2010 இல் வழங்கத் தொடங்கப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 இல். அதாவது முதலில் கோடிக்கணக்கானோரின் கைரேகை சேர்ந்தது. பாதுகாப்பு பின்னால் வந்தது. கடவுச்சொல் திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். கைரேகை திருட்டுப் போனால் மாற்ற முடியாது. சட்டம் முழுமையாக இயங்கத் தொடங்கிய பிறகே கைரேகை எடுங்கள் என்று கேட்பது தேசத்துரோகமும் அல்ல, அபிவிருத்திக்கு எதிரானதும் அல்ல. இது முஸ்லிம்களின் கோரிக்கை மட்டுமாக இருக்கவும் கூடாது. இதே கேள்வி வடக்கில் தமிழர்களுக்கும் தெற்கில் சிங்களத் தொழிற்சங்கவாதிக்கும் உண்டு. அவர்களோடு சேர்ந்து கேட்டால்தான் அதற்கு எடை இருக்கும்.

அரசாங்கத்திடம் கேட்கும் முன் எமது முற்றத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. றமழான் வந்தால் உலருணவுப் பொதி பெறுவோரின் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை இலக்கத்துடன், ஊர்க் குழுமங்களில் பகிரப்படுகிறது. புதிய பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, அந்த ஓர் எண்ணைப் பகிர்ந்தாலே பிறந்த திகதியையும் சேர்த்துப் பகிர்ந்தாகிவிட்டது. ஸகாத் கேட்டு விண்ணப்பித்த விதவைத் தாயின் கடன் விபரம் நிருவாக சபையில் எத்தனை பேருடைய கைத்தொலைபேசியில் கிடக்கிறது? பொதியை வாங்கும் கையோடு முகத்தையும் சேர்த்துப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடுவதற்கு யார் சம்மதம் கொடுத்தார்கள்? ஹஜ், உம்றா முகவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய கடவுச்சீட்டுப் பிரதி பயணம் முடிந்த பிறகு எங்கே போகிறது? மத்ரஸா பிள்ளைகளின் சுகாதார விபரம்?

தனிப்பட்ட, வீட்டுத் தேவைகளுக்காக வைத்திருக்கும் தகவல்களுக்குத்தான் அந்தச் சட்டம் விலக்களிக்கிறது. பள்ளிவாசல் நிருவாகமோ, நலன்புரி அமைப்போ, பயண முகவரோ அந்த விலக்குக்குள் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டம் முழுமையாக வரும் நாளில் எமது நிறுவனங்களும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு முன்பே அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டிய அமானிதம் இது.

சூரா அல்ஹுஜுராத்தை நாம் அறிவோம். வரும் செய்தியை உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு அதன் 6 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. பிறரின் மறைவானவற்றைத் துருவி ஆராய வேண்டாம் என்று 12 ஆவது வசனம் தடுக்கிறது. வதந்தியைப் பரப்பாமல் இருப்பதும், அடுத்தவரின் அந்தரங்கத்தைக் காப்பதும் ஒரே சூராவில் ஆறு வசன இடைவெளியில் வந்திருக்கின்றன. குத்பாக்களில் முதலாவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைப் புறம் பேசுவதோடு மட்டும் நிறுத்திக்கொள்கிறோம்.

நடைமுறையில் செய்யக்கூடியவை பெரிய வேலைகள் அல்ல. உதவி பெறுவோரின் பட்டியலை நிருவாக சபையில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் வைத்திருக்கலாம். விநியோகம் முடிந்ததும் அழித்துவிடலாம். அடையாள அட்டைப் பிரதி தேவைதானா என்று ஒரு தடவை யோசிக்கலாம். படம் தேவையென்றால் பொதிகளை மட்டும் எடுக்கலாம். கொடையாளிக்கு அது போதும். பிரதேச மட்டத்தில் ஒரு ஜுமுஆவையாவது இந்த விடயத்துக்கு ஒதுக்குமாறு ஜம்இய்யதுல் உலமாவின் கிளைகளிடம் கேட்கலாம்.

அரசியல் மட்டத்தில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அனைத்துப் பகுதிகளும் எந்தத் திகதியில் அமுலுக்கு வரும்? அந்தத் திகதிக்கு முன்னர் எமது கைரேகை சேகரிக்கப்படுமா? எமது வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் சென்றவர்கள், எந்தக் கட்சியில் இருந்தாலும், இதைச் சபையில் எழுப்ப முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு சாதாரண பிரஜையும் இதே விபரத்தை எழுத்தில் கோரலாம். குழுமத்துக்கு நூறு தடவை செய்தி அனுப்பும் நேரத்தில், அப்படியொரு விண்ணப்பத்தை எழுதி முடித்துவிடலாம்.