செத்துப்போன வளையல்

தில்லி கரோல்பாக்கில் மோட்டார் சைக்கிள் பட்டறைகள் நெருக்கியடிக்கும் சந்துகளில் அடிக்கடி விழும் தீர்ப்பு இது: "சூடி மர் கயீ." அப்படியே தமிழாக்கினால் 'வளையல் செத்துவிட்டது.' இந்தி மெக்கானிக்குக்கு மரைதான் வளையல். தமிழ்நாட்டுப் பட்டறையில் "மரை போச்சு" என்று முடித்துவிடுவார்கள். (சங்கப் பாடல்களில் மேயும் மரை வேறு, அது காட்டு மான்.)

தீர்ப்பைக் கேட்டு நிற்பவர் பெரும்பாலும் வண்டியை நம்பிப் பிழைப்பவர். பால்காரர், கூரியர் பையன், சாப்பாடு டெலிவரி செய்பவர். செத்தது என்னவோ சைலன்சர் பைப்பைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. ஸ்டட்டின் மரை மட்டும்தான். ஆனால் அது செத்த இடம் சிலிண்டர் ஹெட். புது ஹெட் வாங்கச் சொல்லும் பட்டறை ஒரு பக்கம். பத்தே நிமிடத்தில் 'சரி' செய்து அனுப்பும் பட்டறை இன்னொரு பக்கம். இரண்டிலும் நஷ்டம் வண்டிக்காரருக்கு.

காற்றால் குளிரும் எஞ்சின்களில் இந்த இடம் பலவீனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1985ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100ஐயும் 1994ல் வந்த ஸ்ப்ளெண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். (ஹீரோ ஹோண்டா என்ற பெயர் 2011ல் போய்விட்டது, அந்தச் சின்ன எஞ்சினின் வம்சம் போகவில்லை.) சிலிண்டர் ஏறக்குறையப் படுத்திருக்கும். புகை வெளியேறும் வாய் கீழே பார்த்திருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் மழைத்தண்ணீரும் நேராக அங்கேதான் போய் மோதும். ஹெட் அலுமினியம், ஸ்டட் எஃகு. சூட்டில் எஃகைவிட அலுமினியம் சுமார் இரண்டு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு சவாரியிலும் விரிந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் சுருங்கி, மரையின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. வெளியே நட்டு துருவேறி ஸ்டட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் ஒன்று ஸ்டட் முறியும். அல்லது அலுமினிய மரையை உருவிக்கொண்டு முழுசாகக் கையோடு வரும்.

இது இயற்கையான சாவு. பட்டறையில் அதிகம் நடப்பதோ கொலை. கேஸ்கட் நைந்து 'பட் பட்' என்று சத்தம் வந்தால் கேஸ்கட்டை மாற்ற வேண்டும். வண்டிக்காரர் "நல்லா டைட் பண்ணுங்க" என்பார். பையனும் இன்னொரு கால் சுற்று முறுக்குவான். 6 மி.மீ. நட்டுக்குப் பொதுவாக ஒரு கிலோ-மீட்டர் முறுக்கு விசை போதும். 10ஆம் நம்பர் ஸ்பேனரில் அதற்கு மணிக்கட்டின் பலமே அதிகம்.

பத்து நிமிட வைத்தியங்கள் பலவகை. எபாக்சி பசையைத் திணித்து ஸ்டட்டைச் செருகுவது, மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி இறுக்கி ஏற்றுவது. அந்தச் சூட்டில் பசை எத்தனை நாள் தாங்கும்? ஓட்டையைப் பெரிதாக்கி 8 மி.மீ. ஸ்டட் போடுவது இவற்றைவிட மேல். ஆனால் சுற்றிலும் இருக்கும் உலோகம் கொஞ்சம். அதுவும் போனால் ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பி, முதலிலிருந்து துளைக்க வேண்டியதுதான்.

ஒழுங்கான வழி ஹெலிகாயில். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருளாகச் சுற்றியிருப்பார்கள். கம்பியின் வெட்டுமுகம் வைர வடிவம்: வெளிப்பக்கம் ஹெட்டைப் பிடிக்கும், உள்பக்கம் புது மரையாக நிற்கும். பழைய ஓட்டையைச் சுமார் 6.3 மி.மீ. அளவுக்குத் துளைத்து, அதற்கென்றே உள்ள டேப்பால் மரை வெட்ட வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அதற்கு முன் புகைவாயை கிரீஸ் தடவிய துணியால் அடைக்காவிட்டால் அலுமினியத் தூள் வால்வுப் பக்கம் போகும். சுருளை விளிம்புக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை திருகி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலை ஒடித்து எடுத்துவிட்டால் முடிந்தது. சுருள் பிடிப்பது அகலமான மரையை. அதனால் பிடி பழைய மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

சுருள் மலிவு. டிரில் சாயாமல் இறங்குவதுதான் கஷ்டம். ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்வதே உத்தமம். கழற்றினால் கேம் செயின், டைமிங், புது ஹெட் கேஸ்கட் என்று அரை நாள் போகும். அன்றாடம் சம்பாதிப்பவரிடம் இல்லாதது அந்த அரை நாள்தான். முன்சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே குனிந்தபடி கையால் துளைக்கச் சம்மதிப்பது அதனால்தான். சாய்வாக இறங்கிய ஸ்டட்டில் பைப்பின் ஃபிளேஞ்ச் சரியாக உட்காராது. கேஸ்கட் மறுபடி ஊதும். மறுபடி ஸ்பேனர்.

ஸ்டட் உள்ளேயே முறிந்திருந்தால் இன்னும் சிக்கல். 'ஈசி அவுட்' கருவியைப் போட்டுத் திருகும்போது அதுவும் உள்ளேயே ஒடிந்தால், சாதாரண டிரில் அந்தக் கடினமான எஃகைத் தொடாது. அனுபவசாலிகள் முறிந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து, அந்தச் சூட்டோடு மெல்ல அசைத்து எடுக்கிறார்கள்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் இந்த ஒழுகலுக்கு இன்னொரு விலையும் சேர்ந்துவிட்டது. புதிய வண்டிகளில் புகைப் பாதையில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. தளர்ந்த மூட்டு வழியே வெளிக்காற்று நுழைந்தால், எஞ்சினில் பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகப் புரிந்துகொள்ளும். கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் விழும். வண்டிக்காரர் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யச் சொல்லி அலைவார்.

விவரம் தெரிந்த உஸ்தாதுகள் புது ஸ்டட்டில் செம்புப் பசை தடவி, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குகிறார்கள். நட்டு பித்தளையில். அடுத்தமுறை யாராவது வெறி பிடித்து முறுக்கினாலும் முதலில் போவது அந்த நட்டின் மரையாகத்தான் இருக்கும்.