சிப்பிப்பாறை நாய்க்கு மலை காட்டலாமா?

"நாயை வண்டியில ஏத்திக்கிட்டு ஊர் சுத்தறதெல்லாம் வெள்ளைக்காரன் செய்யற வேலை" என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மைதான். 1960ல் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், வீடு மாதிரி அமைத்த ஒரு டிரக்கில் சார்லி என்ற பூடில் நாயோடு நாட்டையே சுற்றி வந்தார். 1962ல் அது புத்தகமாகவும் வந்தது. இங்கே 2022ல் வந்த '777 சார்லி' என்ற கன்னடப் படத்தில், நாய்க்குப் பனியைக் காட்ட ஒருவன் பைக்கிலேயே இமயமலைக்குக் கிளம்புகிறான். பார்த்து அழாதவர்கள் குறைவு :-)

ஆனால் நாயோடு ஊர் ஊராகப் போவது கரிசல் காட்டுக்குப் புதுசா என்ன? கோவில்பட்டி பக்கம் கிடை போடுகிற ஆட்டுக்காரர்கள் நாயில்லாமலா போனார்கள்? ஒரே வித்தியாசம், அந்த நாய்க்குப் போகிற இடத்தில் வேலை இருந்தது. இன்றைக்குக் காரில் மலை ஏறுகிற நாய் யாருக்காகப் போகிறது? கேள்வியே அதுதான்.

லாப நஷ்டக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

முதலில் லாபம். நாயை வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு நாலு நாள் ஊருக்குப் போவதைவிட, கூடவே அழைத்துப் போவது நல்லதுதான். ரயிலில் கூட்டிப்போக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் நாய் கார்டு பெட்டியில் தனியாகப் போக வேண்டியதுதான். அதற்கு, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் எவ்வளவோ மேல். கேரள அரசு 2021லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை அறிவித்துவிட்டது.

இப்போது நஷ்டம். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வெயிலுக்குப் பழகிய, மெல்லிய முடி உள்ள நாய்கள். கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். மூணாறு கிட்டத்தட்ட 1,500. டிசம்பர் ராத்திரியில் அங்கே நமக்கே ஸ்வெட்டர் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், இவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற வேட்டை நாய்கள். கரிசலில் முயலைத் துரத்துகிற அதே புத்திதான் மலையில் மானைப் பார்த்தாலும் வேலை செய்யும். கூப்பிட்டால் நிற்காது.

நோயும் இருக்கிறது. 2018ல் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. அவற்றில் சிலவற்றின் உடலில் 'டிஸ்டெம்பர்' வைரஸ் இருந்தது உறுதியானது. நாய்களுக்கு வருகிற அதே நோய். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் செந்நாய்கள் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் 2021 முதல் புலிகள் காப்பகம். தடுப்பூசி போடாத ஒரு வீட்டு நாய் அங்கே என்ன விட்டுவிட்டு வரும் என்று யோசிக்க வேண்டாமா?

ஆக, போட்டோ நமக்கு, லைக் நமக்கு, செலவு மட்டும் நாய்க்கும் காட்டுக்கும். இது நியாயமான கணக்கு இல்லை.

அதற்காகப் போகவே கூடாது என்பதில்லை. டிஸ்டெம்பர், வெறிநோய் ஊசிகளை முன்கூட்டியே போட்டு, கழுத்துக் கயிற்றை விடாமல், காப்புக்காட்டுக்குள் கூட்டிப் போகாமல், பூட்டிய காரில் வெயிலில் விட்டுவிட்டு சாப்பிடப் போகாமல் இருக்க முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். முடியாதவர்கள் சாயங்காலம் கண்மாய்க்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போனாலே போதும். நாய்க்கு வேண்டியது மலை இல்லை, கூட வருகிற ஆள்தான்.