டாக்டர் எழுதுகிறார், நர்சு கொடுக்கிறார், நடுவில் நிற்க வேண்டியவர் எங்கே?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் 72 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டிக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அதற்கு ஒரு டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

காலில் வீக்கம் வந்தது. வேறொரு டாக்டரிடம் போனார். அவர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார்.

அப்புறம் மூட்டு வலி வந்தது. அதற்குப் பாட்டி டாக்டரிடம் போகவில்லை. பேரனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பினார். பேரன் வலி மாத்திரை ஓர் அட்டை வாங்கி வந்தான். வலி நின்றது. பாட்டிக்குச் சந்தோஷம்.

இரண்டு வாரம் ஆயிற்று. பாட்டிக்குச் சோர்வு, வாந்தி, சிறுநீரும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தைச் சோதித்தார்கள். சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

யார் செய்த தவறு?

கொதிப்புக்கு மாத்திரை எழுதியவர் தவறு செய்யவில்லை. நீர் மாத்திரை எழுதியவரும் தவறு செய்யவில்லை. பேரன் மீதும் குற்றம் இல்லை. மூன்று மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் இல்லை. அதுதான் தவறு!

பாட்டி கற்பனை. அபாயம் கற்பனை அல்ல. சிறுநீரகம் என்பது வடிகட்டி. ரத்தம் தக்க அழுத்தத்தோடு வந்தால்தான் அது வடிகட்டும். வலி மாத்திரை, ரத்தம் உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். சில வகைக் கொதிப்பு மாத்திரைகள், ரத்தம் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை, உடம்பில் உள்ள நீரைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்ட அழுத்தம் போதாது. வயதானவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். இது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

இப்படிப்பட்ட சேர்க்கைகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே படித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் "கிளினிக்கல் பார்மசிஸ்ட்". நோயாளியின் படுக்கை அருகே வந்து வேலை செய்யும் மருந்தாளுநர்.

கம்பவுண்டர் அல்ல

"அந்தக் காலத்துக் கம்பவுண்டர்தானே?" என்று கேட்கலாம். அல்ல.

கம்பவுண்டர் டாக்டர் சொன்னபடி மருந்தைக் கலந்து கொடுத்தார். சிவப்புத் தண்ணீர், புட்டியில் ஒட்டிய அளவுக் காகிதம், இவற்றைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு மருந்துகள் கம்பெனியிலிருந்தே மாத்திரையாக வந்தன. கலக்கும் வேலை போயிற்று. எடுத்துக் கொடுக்கும் வேலை மிஞ்சியது.

கிளினிக்கல் பார்மசிஸ்டின் வேலை வேறு. அவர் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பதில்லை. காலையில் டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது அவரும் கூட வருகிறார். நோயாளியிடம் பேசுகிறார்.

"அம்மா, வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுவீர்கள்?"

"கொதிப்பு மாத்திரை ஒன்று, நீர் மாத்திரை ஒன்று. அவ்வளவுதான், தம்பி."

"கால் வலிக்கு ஏதாவது போட்டுக்கொள்வீர்களா?"

"அது டாக்டர் கொடுத்தது இல்லையே! கடையில் வாங்கினதுதான்."

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டார் கொடுத்தது, நாட்டு மருந்து இவற்றை மக்கள் "மருந்து" என்று கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டால்தான் சொல்வார்கள். கேட்க நேரம் உள்ள ஒருவர் வேண்டும்.

வேறு என்ன பார்க்கிறார்? சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று பார்க்கிறார். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கு இன்னொரு மாத்திரை என்று விழுங்குகிறோம். இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவருக்கு அவர் கீரையைப் பற்றிச் சொல்வார். ஒரு வாரம் கீரையே இல்லை, அடுத்த வாரம் தினமும் கீரை என்று சாப்பிட்டால், மருந்தின் வேகம் ஏறி இறங்கும். கீரையை விட வேண்டியதில்லை. ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

தவறு கண்டால் அவர் தானே மருந்தை மாற்றுவதில்லை. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. டாக்டரிடம் சொல்கிறார். டாக்டர் மாற்றுகிறார்.

வாரமா, தினமா?

மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டும். தவறிப்போய் தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்துவிடும். வாய் புண்ணாகும். உயிரே போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது.

"வாரம்" என்பதை யாரோ "தினம்" என்று படித்துவிட்டார்கள். அவ்வளவுதான் காரணம். "திங்கட்கிழமை மட்டும்" என்று அட்டையின் மேல் எழுதிக் கொடுத்து, அதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017-ம் ஆண்டில் "மருந்தால் தீங்கு கூடாது" என்ற கருத்தில் ஓர் இயக்கம் தொடங்கியது. மருந்துத் தவறுகளால் உலகத்துக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு 4,200 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது.

ஒன்பதாவது மாடி

மருந்தாளுநரை வார்டுக்கு அனுப்பும் யோசனை எப்படி வந்தது?

1966-ம் ஆண்டு, அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரம். கலிபோர்னியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஒன்பதாவது மாடியில் ஒரு சோதனை நடந்தது. கீழே மருந்து அறையில் இருந்த மருந்தாளுநர்களை நோயாளிகள் இருக்கும் மாடிக்கே கொண்டுவந்தார்கள். அது வெற்றி பெற்றது. மற்ற ஆஸ்பத்திரிகளும் பின்பற்றின.

பலன் உண்டா? பாஸ்டன் நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் கணக்கெடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில், டாக்டர்களுடன் மருந்தாளுநர் ஒருவரும் சுற்றி வந்தார். மருந்து எழுதுவதில் நேரும் தவறுகளால் வரும் தீங்குகள் அங்கே மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. 1999-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியாயிற்று.

தமிழ்நாட்டிலும் இந்தப் படிப்பு புதிதல்ல. 1990-களின் பிற்பகுதியில் மைசூரிலும் உதகமண்டலத்திலும் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள், ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மேற்படிப்பைத் தொடங்கின. உதகை அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்தியல் மாணவர்கள் நடமாடத் தொடங்கினார்கள்.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் 2-வில் அறிவியல் படித்தவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, டி.பார்ம். 2 ஆண்டுப் படிப்பு. அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி.

இரண்டாவது, பி.பார்ம். 4 ஆண்டு.

மூன்றாவது, பார்ம்.டி. இது 2008-ம் ஆண்டில் இந்திய மருந்தியல் கவுன்சில் கொண்டுவந்த படிப்பு. மொத்தம் 6 ஆண்டு. 5 ஆண்டு பாடம். ஆறாவது ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில். அதில் 6 மாதம் பொது மருத்துவப் பிரிவு. மீதி 6 மாதம் வேறு மூன்று பிரிவுகளில் தலா 2 மாதம். பி.பார்ம். முடித்தவர்கள் இன்னும் 3 ஆண்டு படித்தும் இந்தப் பட்டம் பெறலாம்.

எதைப் படித்தாலும் மாநில மருந்தியல் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்யாதவர் மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுப்பது, 1948-ம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி குற்றம்.

ராஜா அண்ணாமலைபுரத்துக்குப் பெயர் தந்தவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். அவர் 1929-ம் ஆண்டில் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகத்திலும் மருந்தியல் துறை இருக்கிறது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. அங்கும் பார்ம்.டி. மாணவர்கள் வார்டுக்குப் போய்ப் படிக்கிறார்கள்.

படிப்பு வந்தது, பதவி வந்ததா?

இங்கேதான் சிக்கல்.

சட்டத்தில் குறை இல்லை. 2015-ம் ஆண்டில் மருந்தாளுநர் தொழில் விதிகள் வந்தன. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளிக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அவை கூறுகின்றன. 2021-ம் ஆண்டுத் திருத்தத்தில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் என்ற பதவியும் இடம் பெற்றது.

ஆனால் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில்தான் இவர்களைக் காணலாம். நடுத்தர ஆஸ்பத்திரிகளிலும் சிறிய நர்சிங் ஹோம்களிலும் காண்பது அரிது. ஆறு ஆண்டு படித்தவர்களில் பலர் வெளிநாடு போகிறார்கள். பலர் மருந்துக் கம்பெனிகளில் அலுவலக வேலைக்குப் போகிறார்கள். வார்டுக்காகப் படித்தவர் வார்டுக்கு வருவதில்லை!

காரணம் என்ன? பணம்தான். ஆஸ்பத்திரி பில்லைப் பாருங்கள். அறைக்கு ஒரு வரி இருக்கும். டாக்டருக்கு ஒரு வரி. ரத்தச் சோதனைக்கு ஒரு வரி. "தவறைத் தடுத்ததற்கு" என்று ஒரு வரி கிடையாது. நடக்காமல் போன ஆபத்துக்கு யார் பில் போடுவார்? ஆகவே நிர்வாகத்தின் கண்ணுக்கு இவர் சம்பளம் செலவாகவே தெரிகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் வேறு சிக்கல். ஜன்னலுக்கு வெளியே நீண்ட வரிசை. உள்ளே இருக்கும் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்து மாத்திரையை எண்ணிக் கொடுக்கவே நேரம் சரியாகிவிடும். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்பதற்கு மேல் அவர் எப்படிப் பேசுவார்? அவர் மீது குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

மருந்து கிடைப்பதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. 1994-ம் ஆண்டில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 2025-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, ராஜா அண்ணாமலைபுரத்துக்கு அருகிலுள்ள தியாகராயநகரில் நடந்த விழாவில், 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. குறைந்த விலையில் மருந்து கிடைக்கிறது.

மருந்து கிடைக்கச் செய்தாயிற்று. விலையும் குறைந்தது. அந்த மருந்து பிழையில்லாமல் வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பதுதான் மூன்றாவது படி. அந்தப் படியில் இன்னும் கால் வைக்கவில்லை.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே நாளில் ஆள் போட முடியாது. ஆனால் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சை, சிறுநீரகம், குழந்தைகள், முதியோர் ஆகிய பிரிவுகளிலிருந்து தொடங்கலாம். தவறு நேர்ந்தால் தாங்க முடியாதவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

குடும்பம் என்ன செய்யலாம்?

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போகும்போது ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் அதில் போடுங்கள். கடையில் வாங்கியது, லேகியம், சூரணம் எதையும் விடாதீர்கள். டாக்டரின் மேஜைமேல் வையுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

மருந்து வாங்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இது எதற்கு? எப்போது, எத்தனை நாள்? ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு சேருமா?

மருந்து சாப்பிட்டு உடம்புக்கு ஏதாவது கேடு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். 1800-180-3024 என்ற எண்ணுக்கும் தெரிவிக்கலாம். கட்டணம் இல்லை. மருந்துகளின் தீய விளைவுகளைக் கண்காணிக்க, 2010-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் எண் இது.

ராஜா அண்ணாமலைபுரத்துப் பாட்டிக்கு என்ன ஆயிற்று? சரியான சமயத்தில் ஒருவர் கேட்டார். பாட்டி சொன்னார். டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரகம் தேறிவிட்டது.

கதையில் கேட்பதற்கு ஆள் இருந்தார். நம் ஊர் வார்டுகளிலும் அவர் இருக்க வேண்டும்.