நடுவில் நிற்கும் ப்ராக்ஸி

“அலுவலக மடிக்கணினியில் நான் ப்ராக்ஸி எதையும் அமைக்கவில்லை. அப்படியிருக்க, சில தளங்களைத் திறந்தால் நிறுவனத்தின் ‘அனுமதி இல்லை’ பக்கம் எப்படி வருகிறது?” என்று கேட்டிருக்கிறார் ஓர் இளம் வாசகர்.

ப்ராக்ஸி என்பது நமக்கும் இணையத்தளத்துக்கும் நடுவே நிற்கும் கணினி. நம் சார்பில் தளத்திடம் கேட்டு, பதிலை வாங்கித் தரும். வழக்கமான முறையில் அதன் முகவரியை உலாவியில் குறித்து வைக்க வேண்டும். இடைமறிக்கும் ப்ராக்ஸிக்கு அது தேவையில்லை. அலுவலக ரௌட்டரே நம் போக்குவரத்தை அதனிடம் திருப்பிவிடும். கணினியோ தளத்துடன் நேராகப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

பலர் இதையே ‘டிரான்ஸ்பேரண்ட் ப்ராக்ஸி’ என்கிறார்கள். ஆனால் 1999இல் வெளியான எச்டிடிபி விதிமுறையில் அச்சொல்லின் பொருள் வேறு: கோரிக்கையையும் பதிலையும் அவசியத்துக்கு மேல் மாற்றாமல் கடத்தும் ப்ராக்ஸி. சொல்லாமல் குறுக்கே நிற்பதற்கு ‘இடைமறிக்கும் ப்ராக்ஸி’ என்பதே சரியான பெயர். ‘ஒளிவுமறைவற்றது’ என்ற பெயரை ஒளிந்து நிற்பதற்குச் சூட்டியவர் நல்ல விற்பனையாளராக இருந்திருப்பார்!

2024 செப்டம்பரில் மலேசியாவில் எழுந்த சர்ச்சையும் இந்த வகைதான். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது டிஎன்எஸ். கூகல், கிளவுட்ஃபிளேர் டிஎன்எஸ் சேவைகளுக்குச் செல்லும் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சேவையகங்களுக்கே திருப்ப வேண்டும் என்றது எம்சிஎம்சி. எதிர்ப்பு கிளம்பியதும், அதைத் தொடர வேண்டாம் என்று அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் கூறிவிட்டார்.

சரி, நடுவில் நிற்பது எதையெல்லாம் பார்க்கும்? எச்டிடிபிஎஸ் தளம் என்றால், எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கடவுச்சொல்லும் உள்ளடக்கமும் தெரியாது. அலுவலகக் கணினியில் மட்டும் கதை மாறலாம். நிறுவனம் தன் சொந்தச் சான்றிதழை அதில் பதித்திருந்தால், ப்ராக்ஸி பூட்டைத் திறந்து படித்துவிட்டு மறுபடி பூட்டி அனுப்ப முடியும். வங்கித் தளங்களை இதிலிருந்து விலக்கி வைக்கும் நிறுவனங்களும் உண்டு. உங்கள் நிறுவனம் எப்படி என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வங்கித் தளத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்பக்கமுள்ள குறியைத் தட்டிச் சான்றிதழ் விவரத்துக்குப் போங்கள். ‘வழங்கியவர்’ என்ற இடத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயரோ அதன் பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், வங்கிக் கணக்கு, இபிஎஃப் வேலைகளை உங்கள் கைப்பேசியில், சொந்த டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பேசியிலும் சான்றிதழ் ஒன்றைப் பதியச் சொன்னால், எதற்கு என்று ஐடி பிரிவிடம் முதலில் கேளுங்கள்.