டைட்டிலில் திரும்பி வந்த பெயர்

பழைய படத்தை டிவிடியாகக் கொண்டுவருபவர்கள் கீறலை நீக்கினால் மட்டும் போதாது, மறைத்த பெயரையும் மீட்க வேண்டும். 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே'யின் டிவிடியை அதற்காகவே கொண்டாடுகிறேன். ஸ்பானியப் படிக்கட்டில் ஐஸ்கிரீமும் கையுமாக நிற்கும் ஆட்ரி ஹெப்பர்னை உலகமே அறியும். கதையை எழுதிய டால்டன் டிரம்போவோ ஹாலிவுட் வேலை கொடுக்க மறுத்தவர்களின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் தன் பெயரைப் போட முடியவில்லை. நண்பர் இயன் மெக்லெல்லன் ஹண்டர் தன் பெயரைக் கொடுத்து உதவினார், ஆஸ்கரும் அந்தப் பெயருக்கே போனது. டிரம்போ 1976இல் இறந்தார். 1993இல் விருதை அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். பிறகு வந்த டிவிடியில்தான் கதாசிரியராக அவர் பெயர் டைட்டிலில் ஏறியது. திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு என்று எழுத்தாளர் சங்கம் ஒப்புக்கொள்ள 2011 ஆகிவிட்டது. இவ்வளவு தாமதம் அநியாயம்.